25 நிமிடம் ஓடியதும் நின்றுவிடும் ஸ்கூட்டர்: கோளாறு கார்பரேட்டரிலா, மின்சாரத்திலா?

பிறைவாசி:

வணக்கம். என்னிடம் இருப்பது கார்பரேட்டர் பொருத்திய 125 சிசி ஸ்கூட்டர். வண்டிக்கு 12 வயது ஆகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் பழைய வண்டியாக வாங்கினேன். பிறையிலிருந்து பினாங்குப் பாலம் வழியாகப் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு ஷிப்டு வேலைக்குப் போய்வர எனக்கு இதைவிட்டால் வேறு வண்டி இல்லை.

மூன்று மாதங்களாக ஒரே கோளாறு. காலையில் செல்ஃப் பொத்தானை அழுத்தினால் 'டிக்' என்ற ஒலி மட்டுமே வருகிறது. காலால் உதைத்தால் இரண்டாவது உதையில் எஞ்சின் பிடித்துக்கொள்கிறது, நன்றாகவும் ஓடுகிறது. சுமார் 25 நிமிடம் ஓடியதும், பெரும்பாலும் பாலத்தின் தீவுப்பக்க முனையை நெருங்கும் நேரத்தில், ஹார்ன் ஒலி கம்மிப்போகிறது, சிக்னல் விளக்கு சோம்பலாகச் சிமிட்டுகிறது, எஞ்சின் இரண்டு மூன்று முறை இருமுவதுபோல் தடுமாறி நின்றுவிடுகிறது. 15 நிமிடம் ஓரமாக நிறுத்தி வைத்தால் மறுபடியும் உதைக்குப் பிடிக்கிறது. ஆனால் இரண்டாவது முறை 10 நிமிடம்கூடத் தாங்குவதில்லை.

பட்டறையில் கார்பரேட்டரை இரண்டு முறை கழற்றிச் சுத்தம் செய்தார்கள். பிளக் மாற்றினார்கள், பழைய பிளக்கின் முனை அடுப்புக்கரிபோல் கறுத்திருந்தது. பேட்டரியும் இரண்டு முறை மாற்றியாயிற்று. புதிய பேட்டரி போட்ட முதல் சில நாள்களுக்கு எந்தக் குறையும் தெரிவதில்லை, அதன் பிறகு பழைய கதைதான். இதுவரை 400 ரிங்கிட்டுக்கு மேல் செலவாகிவிட்டது. இரவு ஷிப்டு முடிந்து வரும்போது பாலத்தின் நடுவில், பக்கத்தில் லாரிகள் காற்றைக் கிழித்துக்கொண்டு போக, நின்றுபோன வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பது எவ்வளவு பயங்கரம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அடுத்து எதைச் சோதிக்க வேண்டும் என்று அறிந்தவர்கள் கூறினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஆயர் ஈத்தாம் வாசகர்:

வணக்கம். சூடான பிறகு நிற்பது, ஆறிய பிறகு ஓடுவது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு முதலில் தோன்றுவது பல்சர் காயில்தான். பிளக்குக்குப் பொறி அனுப்புவது சி.டி.ஐ. என்னும் மின்பெட்டி; எந்த நொடியில் பொறி வேண்டும் என்று அதற்குச் சொல்லும் சிறிய சுருள்தான் பல்சர் காயில். அதனுள் இருக்கும் மெல்லிய செப்புக் கம்பி எங்காவது விட்டுப்போயிருந்தால், குளிர்ந்த நிலையில் இரு முனைகளும் ஒட்டிக்கொண்டிருக்கும். சூட்டில் விரியும்போது பிரிந்துவிடும். என் பழைய வண்டியில் இதே தொல்லையை ஓராண்டு அனுபவித்தேன். முடி உலர்த்தும் கருவியால் அந்தக் காயிலைச் சூடாக்கி, மல்டிமீட்டரில் மின்தடையை அளந்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது.

பெட்ரோல் மூடியையும் ஒருமுறை பாருங்கள். அதிலுள்ள காற்றுத் துளை அடைத்துக்கொண்டால் தொட்டிக்குள் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் கீழே இறங்காமல் வண்டி நின்றுவிடும். அடுத்த முறை நின்றதும் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுபட்டால் காரணம் அங்கேயே கிடைத்துவிடும்.

பாகான் மின்பணியாளர்:

தம்பி, ஆயர் ஈத்தாம் நண்பர் சொன்ன இரண்டும் நடக்கக்கூடியவைதாம். ஆனால் உங்கள் பதிவிலேயே வேறொரு தடயம் இருக்கிறது. எஞ்சின் நிற்பதற்கு முன்பே ஹார்ன் கம்முகிறது, சிக்னல் மெதுவாகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பல்சர் காயிலோ பெட்ரோல் அடைப்போ ஹார்னைத் தொடாது. பேட்டரியின் வோல்டேஜ் இறங்கிக்கொண்டே வருகிறது என்பதைத்தான் அந்த இரண்டும் உங்களுக்குச் சொல்லுகின்றன.

உங்கள் வண்டியில் இருப்பது பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுக்கும் டி.சி. வகை சி.டி.ஐ. ஆக இருக்க வேண்டும். அப்படியானால் வோல்டேஜ் குறையக் குறையப் பொறி மெலிந்து, ஓர் எல்லைக்குக் கீழே அடியோடு நின்றுவிடும். வண்டியை ஓரமாக நிறுத்தும்போது ஆறுவது எஞ்சின் மட்டுமல்ல, சுமை இறங்கிய பேட்டரியும் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்கிறது. அதனால்தான் மறுபடி பிடிக்கிறது, அதனால்தான் இரண்டாவது ஓட்டம் முதல் ஓட்டத்தைவிடக் குறுகிப்போகிறது. சூட்டுக் கோளாறு என்று தோன்றுவது பேட்டரியின் மின்இருப்பு கரையும் கோளாறாக இருக்கலாம்.

கணக்கைப் பாருங்கள். நம் நாட்டில் 1992 முதல் மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் முன்விளக்கை எரியவிட்டே ஓட வேண்டும் என்பது சட்டம். 35 வாட் முன்விளக்கு ஏறக்குறைய 3 ஆம்பியர் இழுக்கும். பின்விளக்கு, சி.டி.ஐ., அவ்வப்போது பிரேக் விளக்கு எல்லாம் சேர்ந்தால் 4 அல்லது 5 ஆம்பியர் ஆகிவிடும். இத்தகைய ஸ்கூட்டரின் பேட்டரி 6 அல்லது 7 ஆம்பியர்-மணிதான் தாங்கும். பாதி நிரம்பிய பேட்டரிக்குச் சார்ஜ் ஏறாவிட்டால் அரைமணி நேரத்தில் அது கையை விரித்துவிடும்.

ஆகையால் இனி எந்தப் பொருளும் வாங்காதீர்கள். ஒரு மல்டிமீட்டரை மட்டும் இரவல் வாங்குங்கள். பாலத்தில் சோதிக்க வேண்டாம், உங்கள் தாமானுக்குள்ளேயே (குடியிருப்புப் பகுதிக்குள்ளேயே) சுற்றுங்கள். வண்டி நின்ற அந்தக் கணத்தில், சாவியை அணைக்காமல், பேட்டரியின் இரு முனைகளிலும் அளந்து பாருங்கள். 12 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நண்பர் சொன்ன பல்சர் காயில் பக்கம் போவோம். 11-க்குக் கீழே இருந்தால் சார்ஜ் ஏறும் பாதையில் கோளாறு. அடுத்து, பேட்டரியை வெளியே சார்ஜ் செய்து மாட்டிவிட்டு, எஞ்சின் ஓடும்போது சற்றே ஆக்சிலேட்டர் கொடுத்து அளந்து பாருங்கள், 13.5 முதல் 14.7 வரை இருக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றிச் சோதிக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். வோல்டேஜ் எகிறி சி.டி.ஐ. பெட்டியையே தின்றுவிடும்.

பிறைவாசி:

ஐயா, மிக்க நன்றி. அண்டை வீட்டு அண்ணனிடம் மல்டிமீட்டர் வாங்கித் தாமானுக்குள் சுற்றினேன். 22 நிமிடத்தில் நின்றது. பெட்ரோல் மூடியைத் திறந்தேன், எந்த ஒலியும் இல்லை. சாவி போட்டபடியே அளந்தபோது 10.4 வோல்ட். சாவியை அணைத்துவிட்டு 15 நிமிடம் கழித்து அளந்தபோது 11.8.

இரவு முழுவதும் சார்ஜ் செய்து மாட்டிய பிறகு எஞ்சினை ஓடவிட்டு அளந்தேன். முதல் சில நிமிடங்களுக்கு 13.1 வரை வந்தது, பிறகு மெல்ல இறங்கி 12.2-இல் நின்றுகொண்டது. ஆக்சிலேட்டரைக் கூட்டினாலும் ஏறவில்லை. எஞ்சின் சுழலும்போது மின்சாரம் உண்டாக்கும் மேக்னட் காயில் போய்விட்டதா, அதைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் ரெக்டிஃபயர் போய்விட்டதா? கடையில் இரண்டையும் சேர்த்து மாற்றிவிடலாம் என்கிறார்கள்.

பாகான் மின்பணியாளர்:

பொறுங்கள் தம்பி. தொடக்கத்தில் 13.1 வந்து பிறகு இறங்குகிறது என்பது முக்கியமான செய்தி. மேக்னட் காயில் அடியோடு எரிந்திருந்தால் அந்த 13.1-கூட வந்திருக்காது. ஓட ஓடச் சூடாகும் ஏதோ ஓர் இணைப்பு வழியில் மறிக்கிறது என்று நினைக்கிறேன்.

முதலில் காயிலைச் சோதித்து அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். எஞ்சினை அணைத்துவிட்டு, ரெக்டிஃபயருக்குப் போகும் சாக்கெட்டைக் கழற்றுங்கள். பெரும்பாலான வண்டிகளில் மூன்று மஞ்சள் ஒயர்கள் வரும். இரண்டிரண்டாக மூன்று விதமாகவும் மின்தடையை அளந்தால் மூன்றும் ஒன்றுபோல, 1 ஓமுக்குள் இருக்க வேண்டும். மீட்டர் முனைகள் இரண்டையும் ஒன்றோடொன்று தொட்டால் காட்டும் சிறு அளவை அதிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நல்ல காயிலையும் கெட்டது என்று நினைத்துவிடுவீர்கள். மூன்று மஞ்சளில் எதுவும் எஞ்சின் உடலோடு தொடர்பு காட்டக்கூடாது. பிறகு எஞ்சினை ஓடவிட்டு ஏ.சி. (மாறுதிசை மின்சார) வோல்டேஜை அதேபோல் மூன்று விதமாக அளவுங்கள். எத்தனை வோல்ட் என்பதைவிட மூன்றும் சமமாக இருக்கின்றனவா என்பதே இங்கு பெரிது.

காயில் நன்றாக இருந்தால் சாக்கெட்டைத் திரும்ப மாட்டி, எஞ்சின் ஓடும்போது மீட்டரின் ஒரு முனையை ரெக்டிஃபயரிலிருந்து புறப்படும் சிவப்பு ஒயரிலும், மறு முனையைப் பேட்டரியின் நேர்முனையிலும் வையுங்கள். இரண்டும் ஒரே பாதையின் இரு கரைகள். ஆகவே மீட்டர் 0.2 வோல்ட்டுக்குள்தான் காட்ட வேண்டும். அதற்கு மேல் காட்டுவதெல்லாம் வழியில் தொலையும் மின்சாரம். எர்த் ஒயருக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையிலும் அப்படியே அளந்து எழுதுங்கள்.

பிறைவாசி:

ஐயா, கோளாறு கண்ணெதிரே வந்துவிட்டது. காயிலின் மூன்று அளவும் 0.4 ஓம், ஏ.சி. வோல்டேஜும் மூன்றும் சமம். சிவப்பு ஒயரில் அளந்தபோது 1.9 வோல்ட் காட்டியது! எர்த் பக்கம் 0.3.

முன் கவசத்தைக் கழற்றிப் பார்த்தேன். ரெக்டிஃபயர் முன்சக்கரத்துக்கு நேர் பின்னால், மழைத்தண்ணீர் தெறிக்கும் இடத்தில் இருக்கிறது. அதன் வெள்ளைச் சாக்கெட்டில் சிவப்பு ஒயர் நுழையும் மூலை மட்டும் தேநீர்க் கறைபோல் பழுத்து, பிளாஸ்டிக் உருகி, உள்ளே இருக்கும் தகடு சாய்ந்துபோயிருந்தது. ஒயரின் உறையை ஒரு விரற்கடை சீவினால் செம்பு பச்சை பூத்திருந்தது. எர்த் ஒயர் சட்டத்தில் முடுக்கப்பட்ட போல்ட்டைச் சுற்றிலும் துரு.

பாகான் மின்பணியாளர்:

நல்லது. அந்த மூலையில் 5 ஆம்பியர் பாயும்போது 2 வோல்ட் தொலைகிறது என்றால், 10 வாட் வெப்பம் கட்டைவிரல் அளவுள்ள ஒரு பிளாஸ்டிக்குக்குள் பிறக்கிறது. சூடு ஏற ஏறத் தகட்டின் பிடி தளரும். பிடி தளரத் தளரச் சூடு இன்னும் ஏறும். பாலத்தின் மேல் அன்றாடம் வீசும் உப்புக் காற்று இதைத் தொடங்கிவைத்திருக்கலாம்.

சாக்கெட்டைச் சுரண்டிச் சரிசெய்ய முயல வேண்டாம். புதிய சாக்கெட்டும் தகடுகளும் வாங்கி, பளபளப்பான செம்பு தெரியும்வரை ஒயரை வெட்டி, உரிய கிரிம்ப் கருவியால் அழுத்திப் பொருத்துங்கள். கறுத்த செம்பில் எந்த இணைப்பும் நிலைக்காது. எர்த் போல்ட்டின் அடியில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, முடுக்கிய பிறகு மேலே கிரீஸ் பூசுங்கள்.

ஆயர் ஈத்தாம் வாசகர்:

என் ஊகம் தவறியதில் மகிழ்ச்சியே. கறுத்த பிளக்கைப் பற்றி மட்டும் ஒன்று சேர்க்க விரும்புகிறேன். மெலிந்த பொறி பெட்ரோலை முழுமையாக எரிக்காததால் கரி படிவது இயல்பு. அத்துடன் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கூடுதல் பெட்ரோல் விடும் ஆட்டோ சோக், இத்தகைய கார்பரேட்டரில் மின்சாரத்தால் சூடாகித்தான் மூடிக்கொள்ளும். வோல்டேஜ் குறைந்தால் அது மூடுவதும் தாமதமாகும், எஞ்சின் தேவைக்கு மேல் பெட்ரோல் குடித்துக்கொண்டே இருக்கும். உங்கள் பட்டறைக்காரர் கரியைக் கண்டு கார்பரேட்டரைச் சந்தேகித்தது இதனால்தான். அவரைக் குறை சொல்வதற்கில்லை. இணைப்பைச் சரிசெய்ததும் பிளக்கைத் துலக்கி மாட்டி, 200 கிலோமீட்டர் ஓடிய பின் கழற்றிப் பாருங்கள். முனை வெளிர் பழுப்பாக இருந்தால் கார்பரேட்டரைத் தொடவே வேண்டாம். அப்போதும் கறுப்பாக இருந்தால் காற்று வடிகட்டியையும் ஆட்டோ சோக்கையும் சோதியுங்கள்.

பிறைவாசி:

சாக்கெட், தகடுகள், இரவல் கிரிம்ப் கருவி எல்லாம் சேர்த்து 18 ரிங்கிட்டோடு வேலை முடிந்தது. இப்போது முன்விளக்கு எரியும்போதே பேட்டரியில் 14.1 வோல்ட் நிலையாக நிற்கிறது, சிவப்பு ஒயரின் இழப்பு 0.1 மட்டுமே. சாக்கெட்டைக் கீழ்நோக்கித் திருப்பிக் கட்டி, தெறிக்கும் தண்ணீர் படாதபடி பழைய ரப்பர் துண்டு ஒன்றையும் மேலே மறைப்பாக வைத்திருக்கிறேன். ஆறு நாள்களாகப் போகவும் வரவும் பாலத்தைக் கடக்கிறேன், ஒருமுறைகூட நிற்கவில்லை. காலையில் செல்ஃபிலேயே பிடிக்கிறது. நேற்றிரவு தொழிற்சாலையிலிருந்து வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் சாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தேன், குளிர்ச்சியாக இருந்தது. 200 கிலோமீட்டர் ஆனதும் பிளக்கின் நிறத்தை இங்கேயே எழுதுகிறேன்.