ஆர்எக்ஸ் 100-ல் எஃப்இசட் ஃபோர்க்: "ஒரு வாஷர் போதும்" என்று சொல்பவருக்கு

கோன்செட்:
யமஹாவின் பழைய ஆர்எக்ஸ் 100-ன் டிரம் பிரேக்குக்குப் பதில் டிஸ்க் வேண்டும் என்று, யமஹா எஃப்இசட்டின் முன் ஃபோர்க்கை (முன் சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாய்) மாட்டுவது பற்றி போன வாரம் கிக்ராஜா எழுதியது இது: "ஆர்எக்ஸ் 100-ல் எஃப்இசட் முன் ஃபோர்க் அப்படியே உட்காரும். கோனுக்கு அடியில் ஒரு வாஷர் போட்டால் வேலை முடிந்தது." அதற்குக் கீழே ஆளாளுக்குக் கைதட்டல் வேறு. கோன் என்றால் ஹேண்டில் திரும்புகிற இடத்தில் பால்ஸ் உட்காரும் பேரிங் வளையம். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

வாஷர் உயரத்தை மட்டும்தான் நிரப்பும். சேசிஸ் தலைக்குழாயின் நீளமும், அதற்குள் நுழையும் எஃப்இசட் டி (ஃபோர்க் குழாய்களைப் பிடிக்கும் பட்டை) தண்டின் நீளமும் வேறு, சரி, அதற்கு வாஷர் வைத்துவிட்டீர்கள். தண்டின் மேல் கோன் இறுக்கமாக உட்கார வேண்டாமா? கோனின் ஓட்டைக்கும் தண்டுக்கும் நடுவில் முடி அளவு இடைவெளி இருந்தாலும் ஒவ்வொரு பிரேக்கிலும் ஆடும். சரியான வழி ஒன்றுதான். ஆர்எக்ஸ் டி-யிலிருந்து பழைய தண்டை பிரஸ்ஸில் கழற்றி, லேத்தில் புஷ் (இடைவெளியை நிரப்பும் உருளை) கடைந்து, எஃப்இசட் கீழ் டி-யில் இறுக்கி ஏற்ற வேண்டும். அப்போது கோன் செட் கம்பெனி அளவிலேயே நிற்கும்.

கிக்ராஜா அண்ணா, உங்கள் வாஷரின் தடிமன் எவ்வளவு?

கிக்ராஜா:
வாங்க வாத்தியாரே. நாலு வருஷமாக ஓட்டுகிறேன். மழை, மேடு பள்ளம், மலை இறக்கம் எல்லாம் பார்த்துவிட்டது என் வண்டி. வாஷர் அசையவில்லை. பேப்பரில் படம் வரைபவர்களுக்குத்தான் எல்லாம் ஆடும். ஓட்டுபவனுக்குத் தெரியும்.

ஒரிஜினல்95:
இரண்டு பேருமே தப்பு. 1985-ல் வந்து 1996-ல் நின்றுபோன வண்டி அது. அறுக்கிற ஒவ்வொன்றும் இனி திரும்ப வராது. டிரம் பிரேக் பிடிக்கவில்லை என்றால் ஷூவை டிரம்மோடு ஒட்டித் தேயுங்கள், கேபிளை மாற்றுங்கள், பிரேக் பிடித்த நிலையில் கேம் லீவர் (கேபிள் இழுக்க, ஷூவை விரிக்கும் கை) கேபிளுக்கு நேர் குறுக்காக நிற்கிறதா பாருங்கள். அதைச் செய்யாமல் தடி ஃபோர்க்கைத் தூக்கிக்கொண்டு வருகிறீர்கள். அதுவும் 18 இன்ச் வீலைக் கழற்றிவிட்டு 17 போட்டால் வண்டி மூக்கு குத்தி நிற்கும்.

கோன்செட்:
ஒரிஜினல் சார், டிரம் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. பாதி வண்டிகளில் கேம் லீவர் கோணம்தான் கோளாறு. ஆனால் வீல் கணக்கு தப்பு. 2.50-18 டயரின் மொத்த விட்டம் சுமார் 584 மில்லிமீட்டர். எஃப்இசட்டின் 100/80-17 டயருக்கு 592. ரிம்மில் ஓர் இன்ச் குறைந்தாலும் டயரின் உயரம் அதை ஈடுகட்டி, 8 மில்லிமீட்டர் கூடத்தான் வருகிறது. மூக்கு குத்துவதும் தூக்குவதும் ஃபோர்க்கின் நீளத்தால். குழாயை டி-யில் எவ்வளவு மேலே ஏற்றிப் பிடிக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. முன்பக்கம் ரொம்ப இறங்கினால் டிரெயில் (முன் சக்கரத்தைத் தானாக நேராக வைக்கும் அளவு) குறையும், வேகத்தில் ஹேண்டில் படபடக்கும்.

கிக்ராஜா:
பார்த்தீர்களா, வாத்தியாரே என் பக்கம் வந்துவிட்டார்.

கோன்செட்:
உங்கள் பக்கம் யார் வந்தது? வீல் பற்றித்தான் சொன்னேன். வாஷர் வாஷராகவே நிற்கிறது. தடிமன் எவ்வளவு?

புதுச்சாவி:
அண்ணா, நானும் டிஸ்க் மாற்றலாம் என்று இருக்கிறேன். மாஸ்டர் சிலிண்டர் வேறு வண்டியினுடையது கையில் இருக்கிறது, போடலாமா? ஸ்பீடோ கேபிளுக்கு என்ன செய்வது?

கோன்செட்:
தம்பி, மாஸ்டர் சிலிண்டரும் (லீவர் பக்கம் இருப்பது) காலிப்பரும் (டிஸ்க்கைக் கவ்வுவது) ஒரே மாடலிலிருந்து எடுங்கள். மாஸ்டரின் பிஸ்டன் பெரிதானால் லீவர் கல் மாதிரி இருக்கும், வண்டி நிற்காது. சிறிதானால் லீவர் கைப்பிடி வரை வந்துவிடும்.

ஒரிஜினல்95:
தம்பி, ஒன்றும் மாற்றாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 என்று ஒன்று இருக்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் கம்பெனி விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று சொல்லிவிட்டது. நாளைக்கு ஏதாவது ஆனால் இவர்களில் ஒருவரும் கூட வரமாட்டார்கள்.

கிக்ராஜா:
ஆர்சி புத்தகத்தில் ஃபோர்க் என்று எந்த வரியில் எழுதியிருக்கிறது, காட்டுங்கள். அப்புறம் ஒரு விஷயம். உங்கள் வண்டியில் ஆர்எக்ஸ் 135 கார்புரேட்டர் இருக்கிறதே, அது பிரிவு 52-ல் வராதா? நீங்களே போன வருஷம் படம் போட்டீர்கள்.

ஒரிஜினல்95:
அது அண்ணன் தம்பி வண்டி, ஒரே குடும்பம். எஃப்இசட் நாலு ஸ்ட்ரோக். 2008-ல் வந்த வண்டிக்கும் ஆர்எக்ஸுக்கும் என்ன உறவு? என் வண்டி ஜப்பான் இன்ஜின், தெரியுமா? அதை அருமை தெரிந்துதான் தொடுகிறேன்.

கிக்ராஜா:
ஆர்எக்ஸ் வைத்திருக்கிற எல்லோருக்கும் ஜப்பான் இன்ஜின்தான். ஜப்பானில் ஒன்றும் மிச்சம் இருக்காது போல.

ஒரிஜினல்95:
மரியாதையாகப் பேசுங்கள். இன்ஜின் நம்பரைப் படம் எடுத்துப் போடட்டுமா?

கோன்செட்:
இன்ஜின் சண்டையை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இது உயிர் விஷயம் என்பதால்தான் விடாமல் கேட்கிறேன். வாஷர் வைத்த ஆர்எக்ஸ் ஒன்றை நானே பிரித்திருக்கிறேன். மேல் நட்டைக் கழற்றி ஃபோர்க்கை இறக்கியதும் வாஷர் இரண்டு பிறைத் துண்டுகளாகக் கையில் விழுந்தது. கீழ் கோனில் பால்ஸ் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு குழி தோண்டி உட்கார்ந்திருந்தது. ஹேண்டிலைத் திருப்பினால் நடுவில் வந்ததும் டக்கென்று பிடித்துக்கொள்ளும். ஓட்டியவரோ "ஸ்டியரிங் நன்றாக நேராக நிற்கிறது" என்று சந்தோஷமாக இருந்திருக்கிறார். அது நேராக நிற்கவில்லை, குழியில் மாட்டிக்கொண்டு நின்றது.

இரண்டு ஸ்ட்ரோக் வண்டி, கியரைக் குறைத்தாலும் இன்ஜின் பெரிதாகப் பிடிக்காது. எல்லாச் சுமையும் பிரேக் மேல்தான். பழைய டிரம்முக்குப் பதில் டிஸ்க் வைத்து இன்னும் அழுத்திப் பிடிக்கிறீர்கள். அந்த உதை மொத்தமும் போய்ச் சேருகிற இடம் அந்தக் கீழ் கோன். அங்கே ஒரு வாஷர்!

கிக்ராஜா:
யாரோ மட்ட வாஷர் போட்டால் அதற்கு நானா பொறுப்பு? நான் போட்டது கெட்டி வாஷர்.

கோன்செட்:
வாஷர் கெட்டியானால் கோன் ஓட்டை சின்னதாகிவிடுமா? சரி, ஒரு சோதனை சொல்கிறேன். சென்டர் ஸ்டாண்டு போட்டு முன் வீலைத் தரையிலிருந்து தூக்குங்கள். ஃபோர்க்கின் அடியை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் இழுங்கள். இன்னொருவர் தலைக்குழாய்க்கும் டி-க்கும் நடுவில் விரல் வைத்திருக்கட்டும். டக் டக் என்று விரலுக்குத் தெரிந்தால் கோன் ஆடுகிறது. அதை வீடியோ எடுத்துப் போடுங்கள்.

கிக்ராஜா:
என் வண்டியை நான் யாருக்கும் நிரூபித்துக் காட்ட வேண்டியதில்லை. முதல் முதலில் நான் ஃபோர்க் மாற்றிப் படம் போட்டபோது "அருமை" என்று எழுதியவர்தான் நீங்கள். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

கோன்செட்:
எழுதினேன். பெயின்ட் அருமையாக இருந்தது. உள்ளே வாஷர் இருப்பது அப்போது தெரியாது.

ஒரிஜினல்95:
பெயின்டும் கம்பெனிக் கலர் இல்லை.

கிக்ராஜா:
வாஷர் போட்டேன், ஓடுகிறது. அடுத்த ஆர்எக்ஸுக்கும் வாஷர்தான் போடுவேன். லேத்துக்குத் தூக்கிக்கொண்டு அலைபவர்கள் அலையட்டும்.

புதுச்சாவி:
ஸ்பீடோ கேபிள் பற்றி யாராவது சொல்லுங்களேன்?

கோன்செட்:
கிக்ராஜா அண்ணா, மூன்றாவது முறையாகக் கேட்கிறேன். வாஷரின் தடிமன் எவ்வளவு?