புதுப்பிப்பு: ஆஸ்கர் தொட்டிக்குப் பாசி தின்னும் மீன்

என் தொட்டியில் இருக்கும் ஆஸ்கர் (வாய்க்குள் அடங்கும் சிறு மீன்களை விழுங்கிவிடும் பெரிய மீன்) ஜோடியோடு எந்தப் பாசி தின்னும் கெளுத்தியை விடலாம் என்று கேட்டிருந்தேனே, முடிவாகிவிட்டது. ஓட்டோசிங்க்ளஸ் வேண்டாம் என்று தடுத்தவர்களுக்கு நன்றி, 5 செ.மீ. மீன், ஆஸ்கர் விழுங்கப் பார்த்தால் முள் தொண்டையில் மாட்டி இரண்டுக்குமே ஆபத்து. சேலத்தில் கடைக்காரர் சாதாரண சக்கர் மீனையே தலையில் கட்டப் பார்த்தார், அது ஒரு அடிக்கு மேல் வளருமே, அப்புறம் இங்குள்ள மூக்கனேரி ஏரியில் கொண்டுபோய் விடுவதா? (தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள்.)

கடைசியில் வாங்கியது உள்ளங்கை நீளத்தில் ஒரு பிரிஸ்டில்நோஸ் (சக்கர் குடும்பத்தில் சிறியதாகவே நிற்கும் வகை). ஆஸ்கர்களுக்கு வயிறு நிறையப் போட்டு, விளக்கை அணைத்துவிட்டு இதைத் தொட்டிக்குள் விட்டேன். பெரிய ஆஸ்கர் வந்து ஒரு முட்டு முட்டியது, நம் புதியவர் துடுப்பை விறைத்துக்கொண்டு மரக்கட்டைக்கு அடியில் போய்விட்டார், அவ்வளவுதான் சண்டை. முன் கண்ணாடி இப்போது பளிச். பாசி தீர்ந்தால் இரவில் சுரைக்காய்த் துண்டு போடுகிறேன். ஆனால் இது போடும் கழிவு நிறைய, தண்ணீர் மாற்றும் வேலை துளியும் குறையவில்லை.