கொரியாவிலிருந்து தாத்தா எழுதிய கடிதங்கள்: ஓட்டையில் போன அந்த எண் என்ன?

புரசைப் பேத்தி:

வணக்கம். புரசைவாக்கத்தில் எங்கள் பழைய வீட்டை ஃபிளாட் கட்டக் கொடுத்திருக்கிறோம். வெள்ளாளத் தெருவிலிருந்து பிரிகிற சந்து. காலி செய்யும்போது பாட்டியின் கடிதக் கம்பி கிடைத்தது. கீழே வட்டத் தகடு, மேலே கொக்கி, நடுவில் வருகிற காகிதத்தை எல்லாம் குத்தி வைத்துச் சுவரில் மாட்டுவார்களே, அதுதான். மேலே பால் கணக்கு, வைத்தியர் சீட்டு, துணிக்கடை ரசீது. எல்லாவற்றுக்கும் அடியில் தாத்தாவின் 11 கடிதங்கள்.

தாத்தா ராணுவத்தில் கேப்டன், ஆர்மி சர்வீஸ் கோர். அரிசி பருப்பு பார்க்கிற வேலை என்று பாட்டி சொல்வாள். நான் பிறக்கும் முன்பே போய்விட்டார். கடிதங்கள் 1953 செப்டம்பரிலிருந்து 1954 பிப்ரவரி வரை. எல்லாவற்றிலும் இடம் "இந்த் நகர், கொரியா" என்று இருக்கிறது. எனக்குப் புரியாதவை நான்கு.

முதலாவது, கொரியாவில் சமாதானம் 1953 ஜூலையிலேயே ஆகிவிட்டது என்று படித்தேன். அப்புறம் ஏன் பிப்ரவரி வரை இவரை அங்கே வைத்திருந்தார்கள்? டிசம்பர் கடிதத்தில் அவரே எரிச்சலாக எழுதுகிறார்:

"இவ்விடம் க்ஷேமம். சமாதானம் கையெழுத்தாகி ஐந்து மாதம் ஆகிறது. சண்டை போட்டவர்கள் ஊருக்குக் கப்பல் ஏறுகிறார்கள். துப்பாக்கியைத் தொடாமல் பருப்பு மூட்டை எண்ணுகிற நான் இங்கே இருக்கிறேன். ஜனவரி கடைசிக்குள் விடுவார்கள் என்று பேச்சு. குழந்தைக்கு இதைச் சொல்லாதே, தேதி தள்ளினால் என்னைத்தான் கேட்பாள்."

அந்தக் குழந்தைதான் என் அம்மா. அப்போது மூன்று வயது.

இரண்டாவது, தபால்தலை. நம் ஊர் இரண்டணா நடராஜர்தான், ஆனால் மேலே இந்தியில் ஏதோ அச்சடித்திருக்கிறது. ஒரு கடைக்காரரிடம் காட்டினேன். "தலையை மட்டும் வெட்டிக் கொடுங்கம்மா, உறை வேண்டாம்" என்றார். கொடுக்கவில்லை.

மூன்றாவது, டிசம்பரிலிருந்து கடிதம் எல்லாம் பென்சிலில் இருக்கிறது. அதற்கு முன்பு நீல மசி. முதல் பென்சில் கடிதத்தின் ஆரம்ப வரியே கம்பி துருவில் போய்விட்டது.

கடைசிக் கேள்விதான் முக்கியம். பாட்டி சாகும்வரை ஒரு கதை சொல்வாள். தாத்தா வந்த அன்று கைவண்டி ரிக்ஷாவில் அம்மாவைத் தூக்கிக்கொண்டு துறைமுகத்துக்குப் போனாளாம். கப்பலிலிருந்து நம் சிப்பாய்களோடு சீனாக்காரர்களும் இறங்கினார்களாம். "அந்த வெயில்ல கம்பளிக் கோட்டு போட்டுண்டு நின்னா, பாவம்" என்பாள். வீட்டில் யாரும் நம்பியதில்லை. மாமா கிண்டல் செய்வார்: சைக்கிளில் பட்டுத் துணி விற்கிற சீனாக்காரனைப் பார்த்திருப்பாய், இல்லாவிட்டால் பல் கட்டுகிற சீனாக்காரனை, இரண்டையும் கலந்துவிட்டாய் என்று. பாட்டி அதற்குப் பிறகு வெளியாட்கள் முன்னால் அதைச் சொல்வதை நிறுத்திவிட்டாள்.

இப்போது கடைசிக் கடிதத்தில் இந்த வரி இருக்கிறது: "எங்களோடு இன்னும் எண்ப" — அடுத்து கம்பி குத்திய ஓட்டை, சுற்றிலும் துரு — "பேர் வருகிறார்கள். நேரில் சொல்கிறேன்."

யார் அந்த எண்பது சொச்சம் பேர்?

சும்மா வாசிப்பவன்:

கொரியா யுத்தத்தில் இந்தியா கலந்துகொள்ளவே இல்லையே? ஒரு மருத்துவக் குழு மட்டும் போனதாக ஞாபகம். தாத்தா அதில் இருந்தாரா?

ஆவடி ரிடையர்டு:

மேலே கேட்ட தம்பிக்கு முதலில். சண்டைக்குப் போகவில்லை, சரி. மருத்துவக் குழு 60 பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ், 1950 நவம்பரிலேயே போனது. அதன் தலைவர் லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ். அந்த 'ஏ' ஆர்க்காடு, நம் பக்கத்துக்காரர். மகாவீர் சக்ரா வாங்கினார். ஆனால் இந்தம்மாவின் தாத்தா அதில் இல்லை. 'இந்த் நகர்' என்று இருப்பதால் இவர் கஸ்டோடியன் ஃபோர்ஸ், அதாவது போர்க்கைதிகளுக்குக் காவல் இருக்கப் போன படை. இரண்டும் வேறு.

அம்மா, உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1953 ஜூலை 27-ல் பன்முன்ஜோமில் கையெழுத்தானது. ஊருக்குப் போகிறேன் என்ற கைதிகளை ஆகஸ்டிலும் செப்டம்பர் முதல் வாரத்திலுமாக இரு தரப்பும் மாற்றிக்கொண்டுவிட்டன. போக மாட்டேன் என்றவர்கள்தான் தலைவலி. அமெரிக்கத் தரப்பிடம் பிடிபட்டவர்களில் 22,600-க்கு மேல். அதில் சீனர்கள் 14,000 சொச்சம், மீதி வடகொரியர்கள். எதிர்ப்பக்கம் 359 பேர், அவர்களிலும் 20 சொச்சம் அமெரிக்கர்கள், ஒரு பிரிட்டிஷ்காரர், மற்றவர்கள் தென்கொரியர்கள். இவர்களை யாரிடம் ஒப்படைப்பது? ஐந்து நாட்டுக் கமிஷன் ஒன்று போட்டார்கள். ஸ்வீடன், சுவிட்சர்லாந்து, போலந்து, செக்கோஸ்லோவாகியா, தலைமைக்கு இந்தியா. தலைவர் ஜெனரல் திம்மையா. கைதிகளைக் காவல் காக்கிற படை இந்தியா மட்டும், அதற்கு மேஜர் ஜெனரல் தோராத்.

இப்போது கணக்கு. 90 நாள், கைதியின் சொந்த நாட்டு ஆட்கள் வந்து "வாப்பா ஊருக்கு" என்று பேசிப் பார்க்கலாம். அதற்கு மேல் 30 நாள், ஓர் அரசியல் மாநாடு கூடி முடிவு செய்யும். அந்த மாநாடு கூடவே இல்லை. மொத்தம் 120 நாள். செப்டம்பர் கடைசி வாரத்திலிருந்து எண்ணினால் ஜனவரி 22, 23. அதற்குப் பிறகு கமிஷனைக் கலைக்க வேண்டும், படைக்குக் கப்பல் வர வேண்டும். "ஜனவரி கடைசிக்குள்" என்று உங்கள் தாத்தா கேட்ட பேச்சு சும்மா வதந்தி இல்லை, ஒப்பந்தத்திலேயே இருந்த கெடு. கப்பலுக்குக் காத்ததில் பிப்ரவரி ஆகியிருக்கிறது. பட்டாளத்தில் கப்பல் சொன்ன நாளில் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

வேலை லேசானது என்று நினைக்காதீர்கள். செப்டம்பர் கடைசியில் நம் மேஜர் ஒருவரைச் சீனக் கைதிகள் வேலிக்குள் இழுத்து வைத்துக்கொண்டார்கள். தோராத் ஆயுதம் இல்லாமல் உள்ளே போய்ப் பேசி மீட்டார். எங்கள் காலத்திலும் மெஸ்ஸில் அந்தக் கதை ஓடும்.

ஒரு கேள்வி: ஆரம்பக் கடிதத்தில் ஹெலிகாப்டர் பற்றி ஏதாவது இருக்கிறதா?

தபால்தலை சாரதி:

அக்கா, அந்த உறையைத் தயவுசெய்து வெட்டிவிடாதீர்கள். வெட்டிக் கொடுக்கச் சொன்னவருக்கு விஷயம் தெரியாமல் இருக்காது.

நீங்கள் சொல்வது 1949 தொல்பொருள் வரிசை, இரண்டணா நடராஜர். மேலே இருப்பது 'பாரதீய சம்ரக்ஷா கடக் கொரியா'. இந்தியக் காவல் படை, கொரியா என்று அர்த்தம். அந்தப் படைக்காகவே 1953-ல் அச்சிட்டது. வெளியூர் போகிற நம் படைக்குத் தனி எழுத்து அடித்துக் கொடுப்பது பழைய வழக்கம். 1900-ல் சீனாவுக்குப் போனபோது சி.இ.எஃப்., 1914-ல் ஐ.இ.எஃப். என்று இங்கிலீஷில் அடித்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு இந்தியில். அடுத்த வருஷம் வியட்நாம், லாவோஸ், கம்போடியா கமிஷன்களுக்கும் இதே வரிசைத் தலைகளில்தான் அடித்தார்கள்.

தலை மட்டும் என்றால் ஆல்பத்தில் ஒரு கட்டம், அவ்வளவுதான். உறையோடு, ஃபீல்டு போஸ்ட் ஆபீஸ் முத்திரையோடு, உள்ளே கடிதத்தோடு இருந்தால் அது வேறு சரக்கு. லாமினேஷன் வேண்டாம், செலோடேப் வேண்டவே வேண்டாம். பிளாஸ்டிக் கவரில் போட்டு மூடினால் சென்னைப் புழுக்கத்தில் வியர்த்து ஒட்டிக்கொள்ளும். நல்ல வெள்ளைக் காகிதத்தை இடையில் வைத்து அட்டைப் பெட்டியில் படுக்கப் போடுங்கள். துரு ஓட்டையைச் சுரண்டாதீர்கள். முத்திரையில் உள்ள எஃப்.பி.ஓ. எண்ணைப் படித்துச் சொல்ல முடியுமா? சொந்த ஆசைக்குத்தான் கேட்கிறேன்.

புரசைப் பேத்தி:

ஆவடி ஐயா, ஹெலிகாப்டர் இருக்கிறது! நான் அதைத் தாத்தாவின் அளப்பு என்று தாண்டிவிட்டேன். செப்டம்பர் கடிதம்: "கப்பலிலிருந்து கரையில் கால் வைக்கவில்லை. தட்டாரப்பூச்சி மாதிரி ஒரு யந்திரம் கப்பல் தட்டிலிருந்தே எங்களைத் தூக்கிக்கொண்டு போயிற்று. அரிசி மூட்டை மாதிரி உட்கார்ந்திருந்தேன்."

பென்சில் விஷயமும் தெரிந்துவிட்டது. அம்மாவிடம் பூதக்கண்ணாடி கொடுத்துப் படிக்கச் சொன்னேன். துருவுக்கு அப்பால் இவ்வளவு இருக்கிறது: "மசி உறைந்து போகிறது. பேனாவைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு படுத்தால்தான் காலையில் எழுதும், அதுவும் நாலு வரி." அதே கடிதத்தில் புளி வரவில்லை, டப்பாத் தக்காளியில் ரசம் வைக்கிறார்கள், அது ரசம் இல்லை என்று அரைப் பக்கம். சப்ளை ஆபீசர் அவரேதான், யாரைக் குறை சொல்கிறார் என்று தெரியவில்லை.

அக்டோபர் கடிதத்திலிருந்து இதையும் போடுகிறேன். படித்தபோது சிரிப்பு வந்தது, அப்புறம் வரவில்லை: "ஆந்திரா பிரிந்தாயிற்று என்று பத்து நாள் பழைய பேப்பரில் பார்த்தேன். பட்டணம் நம்மிடம்தானே இருக்கிறது? திரும்பி எந்த ராஜ்யத்துக்கு வர வேண்டும் என்று எழுது. இங்கே கைதிகளிடம் தினம் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவனாகக் கூடாரத்துக்குள் போகிறான். வெளியே வர இரண்டு வழி. ஒன்றில் வந்தால் ஊர், மற்றதில் வந்தால் ஊர் இல்லை. பாதிப் பேர் உள்ளே போகும்போதே கத்துகிறார்கள். என்ன சொல்கிறான் என்று நமக்குப் புரியாது. அழுவது மட்டும் புரிகிறது."

ஆவடி ரிடையர்டு:

தட்டாரப்பூச்சி நிஜம். தென்கொரிய அதிபர் சிங்மன் ரீ இந்தியச் சிப்பாய் தன் மண்ணில் கால் வைக்கக் கூடாது என்று நின்றார். அதனால் இஞ்சோன் கடலில் நின்ற அமெரிக்கக் கப்பலிலிருந்து நேராக, இரு கொரியாக்களுக்கும் நடுவே இருந்த படைவிலக்கப் பகுதிக்கு ஹெலிகாப்டரில் தூக்கிப் போனார்கள். ஆயிரக்கணக்கான பேரை. இரண்டு வழிக் கூடாரமும் அப்படியே நடந்ததுதான். டிசம்பர் 23-ல் அந்தப் பேச்சு முடிந்தது. மிகப் பெரும்பாலோர் போக மாட்டேன் என்றே சொன்னார்கள். ஜனவரி 20-ல் தொடங்கி அவர்களை, முன்பு பிடித்து வைத்திருந்த தரப்பிடமே திருப்பி அனுப்பினார் திம்மையா. சீனர்களில் அநேகம் பேர் தைவானுக்குப் போனார்கள்.

இப்போது உங்கள் ஓட்டைக்கு வருகிறேன். ஒரு சிறு கும்பல் இருந்தது. வடக்கும் வேண்டாம் தெற்கும் வேண்டாம், சீனாவும் வேண்டாம் தைவானும் வேண்டாம், மூன்றாவது ஒரு நாட்டுக்கு அனுப்புங்கள் என்றவர்கள். எந்த நாடும் அப்போதைக்கு ஏற்கவில்லை. விட்டுவிட்டு வர முடியாது என்று நம் படை அவர்களைத் தன்னோடே கூட்டிக்கொண்டு வந்துவிட்டது. கொரியர்கள் 76, சீனர்கள் 12. ஆக மொத்தம் எண்பத்தெட்டுப் பேர். 'அஸ்டூரியாஸ்' என்ற கப்பல். 1954 பிப்ரவரி. வந்து சேர்ந்த இடம் மெட்ராஸ் துறைமுகம்.

உங்கள் பாட்டி பார்த்தது பட்டுத் துணிக்காரன் இல்லையம்மா.

பிறகு அவர்களை டெல்லிக்குக் கொண்டு போனார்கள். 1956 வாக்கில் பெரும்பாலோர் பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் போனார்கள். சிலர் இங்கேயே தங்கித் தொழில் செய்து பிழைத்தார்கள்.

தாத்தாவின் சர்வீஸ் ரெக்கார்டு வேண்டும் என்றால் ஐ.சி. எண், அதாவது ஆபீசருக்குப் பட்டாளம் கொடுக்கிற எண், இருந்தால் நல்லது. ஆபீசர் என்பதால் ராணுவத் தலைமையகத்துக்குத்தான் எழுத வேண்டும். பதக்கத்தில் 'கொரியா' என்று பட்டை போட்ட விதேஷ் சேவா மெடல் இருக்கிறதா பாருங்கள். அது 1960-ல் ஏற்பட்டது, வீட்டுக்குத் தபாலில் வந்திருக்கலாம்.

சும்மா வாசிப்பவன்:

அட. மாமா இருக்கிறாரா இன்னும்? அவருக்கு யார் சொல்வது?

புரசைப் பேத்தி:

மாமா இருக்கிறார், வயது 84. நேற்று ராத்திரி போன் செய்து சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் "கோட்டு போட்டுண்டா நின்னா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்பவே சொன்னா" என்று போனை வைத்துவிட்டார்.

ஓட்டையை மறுபடி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். 'எண்ப'வுக்கு அடுத்து 'த்'தின் புள்ளியும், ஓட்டையின் கீழ் விளிம்பில் கொம்பின் சுழியும் தெரிகின்றன. எண்பத்தெட்டுதான். முதலில் நான் தட்டச்சு செய்யாமல் விட்ட அடுத்த வரி இது: "அவர்களில் ஒருவன் நன்றாக இங்கிலீஷ் பேசுகிறான். மெட்ராஸில் குளிருமா என்று கேட்டான். மார்கழியில் கொஞ்சம் என்றேன். நான் சொன்னதை நம்பிக் கோட்டை மடித்து வைக்காமல் இருக்கிறானே என்று கவலை."

சாரதி தம்பி, எஃப்.பி.ஓ. எண் மூன்று உறைகளில் தெளிவாக இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை படம் எடுத்துப் போடுகிறேன். பதக்கம் எதுவும் கிடைக்கவில்லை. ஆவடி ஐயா, டிரங்குப் பெட்டி மூடியின் உட்புறம் வெள்ளைப் பெயின்ட்டில் ஐ.சி. என்று எழுதி ஓர் எண் இருக்கிறது. கடைசி இலக்கம் மூன்றா எட்டா என்று தெரியவில்லை. பெட்டியை இறக்கி வெயிலில் வைத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.