வாயை மூடு, காலே!

அக்கா: சித்தப்பா, உங்கள் ஸ்டேட்டஸில் முகமெல்லாம் கோணிக்கொண்டு சைக்கிள் மிதிக்கிறாரே, யார் அவர்? “வாயை மூடு, காலே” என்று வேறு போட்டிருக்கிறீர்கள்.

சித்தப்பா: யென்ஸ் ஃபோக்ட் அம்மா. சைக்கிள் பந்தய வீரர், கிழக்கு ஜெர்மனியில் பிறந்தவர். மிதிக்கும்போது வலிக்கிற காலிடம் அவர் சொல்வது அது. டி-ஷர்ட், ட்விட்டர் என்று எங்கும் பரவிவிட்டது. 2014-இல் ஓய்வு பெற்றுவிட்டார், ஆனாலும் இன்னும் பகிர்கிறார்கள்.

நான்: டூர் டி பிரான்ஸை எத்தனை முறை வென்றார்?

சித்தப்பா: ஒரு முறையும் இல்லை. நாளுக்கு ஒரு கட்டமாக மூன்று வாரம் நடக்கிற சைக்கிள் பந்தயம் அது. போனது மட்டும் 17 முறை. 2001-இல் ஒரு கட்டம், 2006-இல் ஒரு கட்டம் வென்றார். மற்றபடி அவர் வேலை, அணித் தலைவருக்கு முன்னால் போய் எதிர்க்காற்றைத் தாங்கிக்கொள்வது. பின்னால் வருகிறவருக்கு மிதிப்பது லேசாகிவிடும். 2008-இல் கார்லோஸ் சாஸ்த்ரே டூரை வென்றாரே, அவருக்காக அப்படி உழைத்தவர்களில் இவரும் ஒருவர்.

பெரியம்மா: ஜெயிக்காதவருக்கா தம்பி இவ்வளவு ரசிகர்கள்?

சித்தப்பா: 2010 டூரில் நடந்ததைக் கேளுங்கள் அண்ணி. பிரனீஸ் மலையில் பெய்ரசூர்த் இறக்கம். முன் டயர் வெடித்து விழுந்தார். உடம்பெல்லாம் சிராய்ப்பு, சைக்கிள் உடைந்துவிட்டது. அணியின் கார்கள் இரண்டும் முன்னால் போய்விட்டன. விலகுகிறவர்களை ஏற்றிக்கொள்ளக் கடைசியில் வரும் வண்டிக்காரர்கள் “ஏறிக்கொள்ளுங்கள்” என்றார்கள். ஏறினால் போட்டி முடிந்தது. மாட்டேன் என்றுவிட்டார்! சிறுவர்கள் ஓட்டுகிற மஞ்சள் சைக்கிள் ஒன்று கிடைத்தது. ஆறடிக்கு மேல் உயரமான மனிதர் அதில் முழங்காலை மடக்கிக்கொண்டு பல கிலோமீட்டர் மிதித்தார். வழியில் ஒரு போலீஸ்காரரிடம் அணி விட்டுப்போன சைக்கிள் கிடைத்தது. அதில் ஏறிக் கட்டத்தை முடித்தார், பாரிஸ் வரையும் போனார்.

நான்: ஒரு நாள் விட்டுக்கொடுத்தால் என்ன?

சித்தப்பா: முந்தைய ஆண்டும் இதே 16-ஆம் கட்டத்தில்தான் விழுந்தார். கன்ன எலும்பு முறிந்து, நினைவிழந்து, ஆஸ்பத்திரிக்குப் போனார். இரண்டாம் ஆண்டும் பாதியில் வீடு திரும்ப அவருக்கு மனமில்லை.

அக்கா: பிசியோதெரபி செய்கிறவளாக ஒன்று சொல்ல வேண்டும். இந்த வரியைப் படித்துவிட்டு யாரும் மூட்டு வலியோடு ஓட வேண்டாம். களைத்த தசை எரிவது வேறு, அடிபட்ட வலி வேறு. அடிபட்ட வலியை வாயை மூடு என்று சொல்லக் கூடாது.

சித்தப்பா: சரிதான். 2009-இல் அடிபட்டபோது அவரும் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டியிருந்தது. அவர் சொல்வது களைப்பிடம்.

பெரியம்மா: இப்போது அவருக்கு என்ன வயது?

சித்தப்பா: 1971-இல் பிறந்தவர் அண்ணி. ஆறு பிள்ளைகளுக்கு அப்பா. அவர் விடைபெற்ற விதம்தான் எனக்கு இன்னும் பிடிக்கும். 43-ஆவது பிறந்தநாளுக்கு மறுநாள், சுவிட்சர்லாந்தின் கிரென்ஷன் சைக்கிள் பந்தய அரங்கில் ஒரு மணி நேரம் தனியாக மிதித்தார். 51.110 கிலோமீட்டர், உலக சாதனை. ஆறே வாரத்தில் இன்னொருவர் முறியடித்துவிட்டார். அதனால் என்ன, அந்தக் கடைசி முயற்சியில் முன்னால் இழுத்துச்செல்ல வேண்டிய தலைவர் யாரும் இல்லை. தனக்காகவே ஒரு மணி நேரம் முழுவதும் மிதித்தார் என்றுதான் நான் அதைப் பார்க்கிறேன்.

பெரியம்மா: அந்த வீடியோ இருந்தால் அனுப்புங்கள் தம்பி. பேரன் பாலத்து மேட்டில் தினமும் இறங்கித் தள்ளுகிறான், அவனோடு சேர்ந்து பார்க்கிறேன்.

சித்தப்பா: இதோ அனுப்புகிறேன் அண்ணி. கடைசிப் பத்து நிமிடத்தைத் தவறவிடாதீர்கள்.