3,540 ரூபாய் கட்டி ஓட்டல் கார்டு வைத்திருக்கலாமா?

காரைக்குடியில் இருந்துகொண்டு மேரியட் போன்வாய் ஹெச்டிஎஃப்சி கார்டு, அதாவது மேரியட் ஓட்டல்களில் தங்கப் புள்ளி சேர்க்கும் வங்கிக் கிரெடிட் கார்டு, எதற்கு என்று தம்பி ஒருவர் கேட்டிருந்தார். இரண்டு வருடமாக வைத்திருக்கிறேன், என் வரவு செலவைச் சொல்கிறேன்.

ஆண்டுக் கட்டணம் 3,000 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டியோடு 3,540. அதற்கு மேரியட் ஓட்டலில் ஒரு ராத்திரி இலவசமாகத் தங்கலாம். ஓட்டல் அறைக்குப் புள்ளியிலும் ஒரு விலை போட்டிருக்கும், அது 15,000க்குள் இருக்க வேண்டும், ஒரு வருடத்துக்குள் தங்கியும் முடித்துவிட வேண்டும். கானாடுகாத்தான், கடியாபட்டிப் பக்கம் ஓட்டலாக மாற்றிய செட்டிநாட்டு வீடுகளில் இது செல்லாது. நமக்குப் பக்கம் மதுரை அல்லது திருச்சியில் இருக்கும் மேரியட்டின் கோர்ட்யார்டு ஓட்டல்தான், ஏறக்குறைய 90 கிலோமீட்டர்.

முதல் முறை தை மாதம் ஒரு முகூர்த்த நாளுக்கு மதுரையில் பார்த்தேன். 18,000 புள்ளி கேட்டது. நாளுக்கு நாள் விலை மாறும். குறைகிற புள்ளியை நம் கணக்கிலிருந்து போட்டுக்கொள்ளலாம், ஆனால் என்னிடம் அவ்வளவு இல்லை. மளிகை, துணி என்று லட்ச ரூபாய் தேய்த்தாலும் 1,333 புள்ளிதான் சேரும், 150 ரூபாய்க்கு 2 வீதம். அந்த முறை அறை எடுக்காமல் அப்படியே விட்டுவிட்டேன்.

புரட்டாசியில் அப்பாவுக்கு மதுரையில் கண் அறுவை. கல்யாணம் இல்லாத மாதம், 15,000க்குள் அறை கிடைத்தது. காலை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும், ஊரிலிருந்து என்றால் மூன்றரைக்கே கிளம்ப வேண்டும். ஆத்தங்குடிக் கல்லில் வெறுங்காலோடு நடந்தே பழகியவர், அறைக் கம்பளத்தில் கால் வைக்கத் தயங்கிக் கதவோரமே நின்றார். அப்புறம் நன்றாகத் தூங்கினார். எனக்கு அது போதும்.

ஆனாலும் பேரேட்டில் அந்த ராத்திரிக்கு வரவு 2,000 என்றுதான் எழுதினேன். கார்டு இல்லையென்றால் பஸ் ஸ்டாண்ட் பக்கம் அந்த விலைக்குத்தான் அறை எடுத்திருப்பேன். ஓட்டல் போட்டிருக்கும் வாடகையை வரவாக எழுதினால் எந்தக் கார்டும் லாபமாகத்தான் தெரியும். கார்டோடு சில்வர் என்ற உறுப்பினர் தகுதி கொடுக்கிறார்கள், அதில் காலைச் சாப்பாடு வராது. இருவருக்கும் தனியாகக் காசு கொடுத்தேன்.

தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சியின் பதில்:

அண்ணே, எனக்குக் கட்டணம் தேறிவிட்டது. மகள் கோலாலம்பூரில் இருக்கிறாள், வருடம் ஒருமுறை போகிறோம். அவள் வீட்டில் ஒரே படுக்கையறை, மாப்பிள்ளையின் அப்பா அம்மாவும் வந்துவிட்டால் நாங்கள் எப்படியும் ஓட்டல்தான். அங்கே 15,000க்குள் நல்ல அறையே கிடைத்தது. ஒன்று மட்டும் கவனம்: வெளிநாட்டில் இந்தக் கார்டைத் தேய்க்காதீர்கள். வெளிநாட்டுப் பணத்துக்கான கட்டணம் 3.5 சதவீதம், அதற்கு மேல் ஜிஎஸ்டி, ஆக 4.13 சதவீதம் போய்விடும். கடையில் நாங்கள் ரிங்கிட் நோட்டாகவே கொடுத்துவிடுகிறோம். தம்பி, போகிற ஊரும் மாதமும் உறுதியாக இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

மறுபடியும் நான்:

ஆச்சி சொல்வது சரி. அப்பாவின் இன்னொரு கண்ணுக்கும் புரட்டாசிக்குள் தேதி கேட்டிருக்கிறேன். அதுவரை கார்டு இருக்கட்டும். அடுத்த கட்டணம் விழுவதற்கு முன்பு மூடச் சொல்லிவிடுவேன்.