சிங்கப்பூரில் புதுக் குடித்தனம்: மனைவிக்கு டிபி, வீடு, தமிழ்ச் சபை - எதை முதலில் முடிப்பது?

புதுவரவு:

வணக்கம். போன மாதம் பாளையங்கோட்டையில் கல்யாணம் முடிந்தது. நான் சிங்கப்பூரில் இபி-யில் (எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதி) இருக்கிறேன், இப்போது ஓர் அறையில் தங்கியிருக்கிறேன். மனைவி வருவதற்குள் தனி வீடு பிடிக்க வேண்டும், வாடகை 2,800 வெள்ளிக்குள். இருவரும் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை). சில சந்தேகங்கள்:

போதகர் கையெழுத்திட்ட திருமணச் சான்றிதழ் கையில் இருக்கிறது. மனைவிக்கு எடுக்க வேண்டிய டிபி-க்கு (டிபெண்டன்ட் பாஸ், அதாவது குடும்பத்தாருக்கான அனுமதி) அதுவே போதுமா? அவள் பி.எட். முடித்தவள், வந்ததும் வீட்டிலேயே டியூஷன் எடுக்கலாமா? சிஎஸ்ஐ சபை இங்கே இல்லை என்கிறார்களே, எங்கே போவது? ஊரிலிருந்து கிரைண்டரும் மிக்சியும் கொண்டுவரலாமா?

தாள்காரர்:

தம்பி, முதலில் சான்றிதழ். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

டிபி-க்கு நீங்கள் விண்ணப்பிக்க முடியாது, உங்கள் கம்பெனிதான் மனிதவள அமைச்சில் போட வேண்டும். உங்கள் நிலையான மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளி இருக்க வேண்டும். போனஸும் ஓவர்டைமும் இந்தக் கணக்கில் சேராது. "எல்லாம் சேர்த்தால் ஆறு வருமே" என்று வாதாடிப் பயனில்லை.

சபைச் சான்றிதழோடு நிறுத்திவிடாதீர்கள். 2009ஆம் ஆண்டுத் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் எல்லா மதத்தாருக்கும் பொருந்தும், 90 நாளுக்குள் பதிய வேண்டும். ஒரு மாதம்தான் ஆகிறது என்றால் இன்னும் நாள் இருக்கிறது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து அந்தச் சான்றிதழை வாங்கிவிடுங்கள். தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்த்துக் கொடுங்கள்.

நம்மவர்கள் மாட்டிக்கொள்வது பெயரில்தான். சபைப் பதிவேட்டில் ஞானஸ்நானப் பெயரை எழுதிவிடுவார்கள், பாஸ்போர்ட்டில் பள்ளிப் பெயர் இருக்கும். சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக. சபைச் சான்றிதழில் "ச. ஜெபா கிரேஸ்", பாஸ்போர்ட்டில் "கிரேஸ் சாமுவேல்" என்று இருந்தால் இருவரும் ஒரே ஆள் என்று பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? பதிவு அலுவலகத்தில் படிவம் நிரப்பும்போதே பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து அதைப் பார்த்தே எழுதுங்கள். பதிந்த பிறகு திருத்துவது பெரிய அலைச்சல்.

டியூஷன் விஷயம்: முடியாது. 2021 மே 1 முதல் டிபி-யில் இருப்பவர் வேலை செய்ய வேண்டுமென்றால் தனக்கென்று ஒரு வேலை அனுமதி எடுக்க வேண்டும், அதையும் வேலை கொடுப்பவர்தான் எடுத்துத் தர வேண்டும். வீட்டில் நாலு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் காசு வாங்குவதும் வேலைதான். சொந்தத் தொழில் தொடங்கும் டிபி-காரர்களுக்குத் தனி வழி ஒன்று உண்டு, ஆனால் அதற்கு உள்ளூர் ஆள் ஒருவரை வேலைக்கு வைத்தாக வேண்டும். வந்த வருடத்திலேயே யோசிக்கிற காரியம் அல்ல.

கிளம்பும்போது ஒன்று: சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும், இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள். அது இலவசம். காசு கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள்.

செங்காங் அக்கா:

வீட்டைப் பற்றி நான் சொல்கிறேன்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய அடுக்குமாடி வீட்டை முழுசாக வாடகைக்கு எடுத்தால் குறைந்தது ஆறு மாதம். தனியார் வீடென்றால் மூன்று மாதம். வீவக முழு வீட்டை வாடகைக்கு விட சிங்கப்பூர்க் குடிமகனால் மட்டுமே முடியும், நிரந்தரவாசியால் முடியாது. "நான் பிஆர், முழு வீடும் தருகிறேன், ஒரு ரூமை மட்டும் பூட்டி வைப்பேன்" என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். உரிமையாளர் அங்கே குடியில்லாமல் ரூமைப் பூட்டி வைத்து ஏமாற்றுவது பழைய தந்திரம், பிடிபட்டால் உங்களுக்கும் சிக்கல்.

வெளிநாட்டவருக்கு ஒதுக்கீடும் உண்டு. மலேசியர் அல்லாத வெளிநாட்டவர் முழு வீடு எடுப்பது வட்டாரத்தில் 8 விழுக்காடு, புளோக்கில் 11 விழுக்காடு வரைதான். புளோக் நிரம்பிவிட்டால் உங்களுக்கு வீடு பிடித்தாலும் உரிமையாளருக்கு உங்களைப் பிடித்தாலும் நடக்காது. வீடு பார்க்கப் போகும் முன்பே உரிமையாளரை அஞ்சல் குறியீட்டைப் போட்டு வீவக இணையத்தில் பார்த்துவிடச் சொல்லுங்கள். உங்கள் பாஸில் குறைந்தது ஆறு மாதம் மிச்சம் இருக்க வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

கைக்காசு எவ்வளவு வேண்டும் என்று கேட்கவில்லை, ஆனால் திகைப்பது இங்கேதான். 2,800 வெள்ளி, இரண்டு வருட ஒப்பந்தம் என்று வையுங்கள். வருடத்துக்கு ஒரு மாத வாடகை வைப்புத்தொகை என்பது வழக்கம், ஆக 5,600. முதல் மாத வாடகை 2,800. முத்திரை வரி மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு: 67,200 வெள்ளிக்கு 268 சொச்சம். சாவி கைக்கு வரும் முன்பே 8,700 வெள்ளி கிட்டப் போய்விடும். முகவர் கமிஷன் இருந்தால் அது தனி. முத்திரை வரியை இங்கே கையெழுத்திட்ட 14 நாளுக்குள் கட்ட வேண்டும், கட்டிய சான்றை வாங்கி வையுங்கள். முத்திரை இல்லாத ஒப்பந்தம் தகராறில் கைகொடுக்காது. முகவரின் பதிவு எண்ணைக் கேட்டு சொத்து முகவர் மன்றத்தின் பொதுப் பதிவேட்டில் தேடிப் பார்த்த பிறகுதான் பணம்.

ஒப்பந்தத்தில் மூன்று வரிகளைக் கண்ணாடி போட்டுப் படியுங்கள். ஒன்று டிப்ளோமேட்டிக் கிளாஸ்: வேலை போய் நாட்டை விட்டுக் கிளம்ப நேர்ந்தால் 12 மாதம் முடிந்தபின் இரண்டு மாத முன்னறிவிப்பில் விலகலாம் என்று இருக்க வேண்டும். இரண்டு, சின்னப் பழுதுக்கு உங்கள் பங்கு எவ்வளவு என்பது. ஏர்கான் மூன்று மாதத்துக்கு ஒரு முறை சர்வீஸ் செய்வதும் பெரும்பாலும் வாடகைக்காரர் தலையில்தான். மூன்றாவது சமையல். "லைட் குக்கிங்" என்று போட்டிருந்தால் அவர்கள் மனதில் இருப்பது முட்டையும் நூடுல்சும். மீன் குழம்பு அல்ல. "தினசரிச் சமையல் அனுமதிக்கப்படும்" என்று எழுத்தில் வாங்குங்கள், வாயால் சொன்னது வைப்புத்தொகையைத் திருப்பிக் கேட்கும் நாளில் யாருக்கும் நினைவிருக்காது. அடுப்படிச் சுவரையும் புகைபோக்கியையும் குடிபோகும் அன்றே படம் எடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள்.

பூகிஸ் ரயிலடி:

சபை விஷயம். சிஎஸ்ஐ 1947 செப்டம்பர் 27ஆம் தேதி பல சபைகள் ஒன்றாகி உருவானது. அதனால் "எந்த ஊர் சிஎஸ்ஐ" என்று கேட்டால்தான் விடை சரியாக வரும். திருநெல்வேலிப் பக்கம் ஆங்கிலிக்கன் வழி. பாளையங்கோட்டைக்காரருக்கு ஆராதனை முறை பழகியதாக இருக்க வேண்டுமென்றால் டோர்செட் ரோட்டில் இருக்கும் கிறைஸ்ட் சர்ச், ஆங்கிலிக்கன் தமிழ்ச் சபை. ஃபேரர் பார்க் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நடந்துவிடலாம். நாகர்கோவில் பக்கம் லண்டன் மிஷன் வழி, அவர்களுக்கு இதே முறை கொஞ்சம் புதிதாகத்தான் தெரியும்.

மெதடிஸ்டு என்றால் ஷார்ட் ஸ்ட்ரீட்டில் தமிழ் மெதடிஸ்டு சபை, 1887லிருந்து இருக்கிறது. சிங்கப்பூர் மெதடிஸ்டு திருச்சபையில் தமிழர்களுக்கென்றே இம்மானுவேல் தமிழ் ஆண்டு மாநாடு என்று தனிப் பிரிவு இருப்பதால் தோ பாயோ, சிலேத்தார், பாசிர் பாஞ்சாங்கிலும் தமிழ்ச் சபைகள் உண்டு. இதைப் படிக்கும் கத்தோலிக்கர்களுக்கு: ஓஃபிர் ரோடு லூர்து மாதா ஆலயம், 1888இல் கட்டியது, தமிழ்த் திருப்பலி உண்டு, பூகிஸ் எம்ஆர்டி பக்கம்.

நேரத்தை மட்டும் பழைய பதிவுகளைப் பார்த்து நம்பிப் போகாதீர்கள், சபையிலேயே கேளுங்கள்.

ஊர்ப் போதகரிடம் சபை மாற்றுக் கடிதமும், இருவரின் ஞானஸ்நான, திடப்படுத்தல் சான்றிதழ் நகலும் வாங்கி வரச் சொல்லுங்கள். இன்றைக்குத் தேவைப்படாது. நாளை பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்று வரும்போது தேடுவீர்கள். ஒன்றில் சேரும் முன் இரண்டு மூன்று சபைக்குப் போய்ப் பார்ப்பதில் தவறில்லை, ஆனால் ஆறு மாதம் சுற்றிக்கொண்டே இருந்தால் எங்குமே யாருக்கும் உங்கள் பெயர் தெரியாது.

வீட்டையும் இதோடு சேர்த்து யோசியுங்கள். டோர்செட் ரோடு என்றால் ஊதா ரயில்பாதையில் வீடு பாருங்கள். செங்காங், ஹவ்காங், பொங்கோலிலிருந்து ரயில் மாறாமல் ஃபேரர் பார்க். தேக்கா சந்தையும் அடுத்த நிறுத்தம்தான், ஆராதனை முடிந்து அப்படியே மீனும் கறிவேப்பிலையும் வாங்கி வரலாம். மத்தியானத்துக்குள் போய்விடுங்கள், பிறகு கடைகள் மூட ஆரம்பித்துவிடும்.

வீட்டு ஜெபக்கூட்டம் வைத்தால் இரவு 10 மணிக்கு முன்பே பாட்டை முடித்துவிடுங்கள். கீபோர்டும் ஸ்பீக்கரும் வேண்டாம், வீவக சுவர் வழியே தாழ்சுருதி ஒலி அடுத்த வீட்டுக்கு அப்படியே போகும். வாசலில் இருபது ஜோடிச் செருப்பு பரவிக் கிடப்பதும் பக்கத்து வீட்டாருக்கு எரிச்சல், அவர்கள் நடக்கும் தாழ்வாரம் அது.

கிரைண்டர் டாக்டர்:

கிரைண்டரும் மிக்சியும் கொண்டுவாருங்கள். இரண்டு நாட்டிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மோட்டாருக்கு ஒன்றும் ஆகாது, கல் எடைதான் பிரச்சினை. மாற வேண்டியது பிளக் மட்டும். நம்மூர் உருண்டை மூன்று முள்ளை மலிவான அடாப்டரில் செருகி ஓட்டாதீர்கள். பிடிப்பு தளர்ந்து பொறி பறக்கும், அடாப்டர் சூடாகி உருகும். பழைய பிளக்கை வெட்டிவிட்டு, பாதுகாப்பு முத்திரை உள்ள 13 ஆம்பியர் சதுரமுள் பிளக் போடுங்கள். மூடியைத் திறந்து பார்த்தால் வலப்பக்கம் ஃபியூஸ் இருக்கும். சிவப்பு அல்லது பழுப்பு வயர் அங்கே, கறுப்பு அல்லது நீலம் இடப்பக்கம், பச்சை மேலே. உள்ளே வரும் 13 ஆம்பியர் ஃபியூஸை அப்படியே விடாதீர்கள்: 150 வாட் கிரைண்டருக்கு 3 ஆம்பியர், 750 வாட் மிக்சிக்கு 5. வயர் வேலை பழக்கமில்லை என்றால் மின்பணியாளரிடம் கொடுங்கள்.

மாவு இங்கே சீக்கிரம் புளிக்கும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள், எட்டு மணி நேரம் போதும், ஊர்க் கணக்கில் பன்னிரண்டு மணி நேரம் விட்டால் காலையில் மேடையைத் துடைக்க வேண்டியதுதான். அதே ஈரக்காற்றில் கல்யாணப் பட்டுச்சேலையும் பூஞ்சை பிடிக்கும். பிளாஸ்டிக் உறையில் வைக்காமல் பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள், அலமாரியில் ஈரம் உறிஞ்சும் டப்பா ஒன்று, மாதம் ஒருமுறை மடிப்பு மாற்றுங்கள்.

புதுவரவு:

எல்லாருக்கும் நன்றி. சார்பதிவாளர் அலுவலகத்துக்குத் திங்கட்கிழமை போகச் சொல்லிவிட்டேன். இன்னொன்று: மனைவியின் மாமா போதகர், டிசம்பரில் வருகிறார். சபையில் ஒரு ஞாயிறு செய்தி கொடுக்கலாமா?

தாள்காரர்:

சுற்றுலா விசாவில் வந்து பிரசங்க மேடை ஏறக் கூடாது. வெளிநாட்டு ஊழியர் மத உரையாற்ற மனிதவள அமைச்சின் பலவகை வேலை அனுமதி வேண்டும், 60 நாள் வரை கிடைக்கும், விண்ணப்பிக்க வேண்டியது அழைக்கும் சபை. அதனால் டிக்கெட் போடும் முன்பே சபை அலுவலகத்தில் பேசச் சொல்லுங்கள். பின்வரிசையில் உட்கார்ந்து ஆராதனையில் கலந்துகொள்ள வருகை விசாவே போதும்.