வாடிவாசலில் காளை மங்கல், கம்பி மட்டும் பளிச்: ஆட்டோஃபோகஸா, மேனுவலா?

மேலூர்த் தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். போன தை மாதம் பக்கத்து ஊர் ஜல்லிக்கட்டில் முதல்முறையாகப் படம் எடுத்தேன். 400 படங்களில் தேறியவை பத்துகூட இல்லை. வாடிவாசலிலிருந்து காளை பாயும் படங்கள்தான் எனக்கு முக்கியம். அவை எல்லாமே மங்கல்.

என்னிடம் இருப்பது ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆர் கேமரா, 9 ஃபோகஸ் புள்ளிகள் (கேமரா கூர்மை பிடிக்கும் இடங்கள்), நொடிக்கு 3 படம், 55-250 மி.மீ. ஜூம் லென்ஸ். வாடிவாசலுக்கு நேரெதிரே சுமார் 20 மீட்டர் தள்ளி நின்றேன். ஷட்டர் வேகம் 1/1000 நொடி. எந்தப் புள்ளி என்பதைக் கேமராவே தேர்ந்தெடுக்கும்படி விட்டிருந்தேன்.

எங்கள் ஊர் ஸ்டுடியோக்காரர் தன்னிடமுள்ள பழைய 200 மி.மீ. மேனுவல் லென்ஸை (கையால் வளையம் திருப்பி ஃபோகஸ் செய்வது) 6,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். நண்பன் புது கேமராவே வாங்கு என்கிறான். அதற்குக் கடன்தான் வாங்க வேண்டும். எது சரி?

வைகைக்கரை:
தம்பி, காசை எடுக்கும் முன் ஒன்று பாருங்கள். அந்தப் படங்களைப் பெரிதாக்கினால் வேறு எதாவது கூர்மையாகத் தெரிகிறதா?

மேலூர்த் தம்பி:
தெரிகிறது அண்ணா. பாதிக்கு மேல் முன்னாலிருந்த தடுப்புக் கம்பி அவ்வளவு தெளிவு. சிலவற்றில் எனக்கு முன்னால் நின்றவரின் தலை. மீதியில் காளை தாண்டி வந்துவிட்ட வாடிவாசல் தூண்.

வைகைக்கரை:
அப்படியானால் கை நடுக்கமோ ஷட்டரோ காரணமில்லை. எல்லாப் புள்ளிகளையும் திறந்துவிட்டால் கேமரா பெரும்பாலும் கிட்ட இருக்கும் பொருளைத்தான் பிடிக்கும். கம்பியும் தலையும் அப்படி வந்தவை. தூண் தெளிவாக இருப்பது வேறு கதை: ஒருமுறை பிடித்ததும் பூட்டிக்கொள்ளும் முறையில் இருந்திருக்கும். நடுப்புள்ளியை மட்டும் வைத்து, நகரும் பொருளை விடாமல் பின்தொடரும் தொடர் ஃபோகஸுக்கு மாற்றுங்கள். அதன் பெயர் கேனானில் ஏஐ சர்வோ, நிகான், சோனியில் ஏஎஃப்-சி.

பழைய பிலிம் ஆள்:
நான் மேனுவலில் வளர்ந்தவன். 1985இல் மினோல்டா 7000 வந்த பிறகுதான் எஸ்எல்ஆரில் ஆட்டோஃபோகஸ் பரவியது. அதற்கு முன்பும் ஓட்டப் பந்தயம், கால்பந்து எல்லாம் கூர்மையாகவே எடுத்தார்கள். ஆனாலும் அந்த லென்ஸை வாங்காதீர்கள் தம்பி. எங்கள் கேமராக்களில் கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் பெரிது. நடுவில் இரண்டாகப் பிளந்து தெரியும் வட்டம் இருக்கும், கோடு சேர்ந்தால் ஃபோகஸ். உங்களுடையதில் அது கிடையாது. ஓடும் காளையைக் கண்ணால் பார்த்து வளையம் திருப்பி எட்டிப் பிடிக்க முடியாது.

ஆனால் வாடிவாசலில் பின்தொடரவே தேவையில்லை. காளை எந்த இடத்தில் வரும் என்பது முன்பே தெரியும், அதுதான் இதன் அழகு. தரையில் பரப்பிய தென்னைநாரில், முதல் பாய்ச்சலில் காளை கால் ஊன்றும் இடத்தை நாலைந்து காளைகளைப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடலாம். அங்கே ஆட்டோவில் ஃபோகஸ் செய்துவிட்டு லென்ஸ் பொத்தானை மேனுவலுக்குத் தள்ளுங்கள். 200 மி.மீ. ஜூம், எஃப்/8 (லென்ஸ் திறப்பின் அளவு, எண் கூடினால் திறப்பு சிறிது), 20 மீட்டர் தூரம் என்றால் உங்கள் கேமராவில் முன்னும் பின்னுமாக மொத்தம் சுமார் 3 மீட்டர் கூர்மையாக வரும். எஃப்/5.6 என்றால் 2 மீட்டர்தான்.

ஒரு எச்சரிக்கை. பொத்தானை அழுத்திப் பிடித்துச் சரமாரியாக எடுக்காதீர்கள். காளை மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் வந்தால் நொடிக்கு 10 மீட்டர். உங்கள் கேமராவில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே அது 3 மீட்டருக்கு மேல் போய்விடும், அதாவது கூர்மையான இடம் முழுவதையும் தாண்டிவிடலாம். ஒரே சொடுக்கு, சரியான நேரத்தில்.

வைகைக்கரை:
வாடிவாசலுக்கு ஐயா சொல்வதுதான் சரி. ஆனால் வீரர் திமிலைப் பிடித்த பிறகு காளை சுற்றிச் சுழலும். எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. அங்கே ஆட்டோதான் வேண்டும். கறுப்புக் காளையின் உடம்பில் புள்ளியை வைத்தால் பிடிமானம் கிடைக்காமல் லென்ஸ் முன்னும் பின்னும் தேடும். கொம்பின் அடியிலோ திமிலின் விளிம்பிலோ வையுங்கள், வெளிச்சமும் நிழலும் சேரும் கோடு அங்கே கிடைக்கும்.

மேலூர்த் தம்பி:
நேற்று சோதித்தேன். நண்பன் வீட்டு கேட்டிலிருந்து பைக்கில் வேகமாக வெளியே வந்தான். கேட்டுக்கு முன்னால் மண்ணில் ஃபோகஸைப் பூட்டி 20 முறை எடுத்ததில் 13 தெளிவு! ஆனால் கடைசி ஐந்தும் மொத்தமாக மங்கல். பொத்தான் மேனுவலில்தான் இருந்தது. ஏன் ஐயா?

பழைய பிலிம் ஆள்:
நடுவில் ஜூம் வளையத்தைத் தொட்டீர்களா?

மேலூர்த் தம்பி:
ஆமாம் ஐயா, 200இலிருந்து 250க்குத் திருப்பினேன்.

பழைய பிலிம் ஆள்:
அதுதான். இந்த வகை லென்ஸ்களில் ஜூமை மாற்றினால் ஃபோகஸும் நகர்ந்துவிடும். முதலில் ஜூம், பிறகு ஃபோகஸ், அப்புறம் இரண்டு வளையத்தின்மேலும் ஒரு துண்டு செல்லோடேப். அரைமணிக்கு ஒருமுறை படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அந்த 13இல் ஒன்றை இங்கே போடுங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது.